யூனிட்டுக்கு எட்டு ரூபாய்: வாடகை வீட்டில் கரண்ட் பில் எங்கே வீங்குகிறது?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் எப்படி, பைக் நிறுத்த இடம் உண்டா. எல்லாம் படிந்து, படியிறங்கும் நேரத்தில் போகிற போக்கில் ஒரு தகவல் வந்து விழும்: "கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். சப் மீட்டர் இருக்கிறது" (அதாவது, மின்வாரியத்தின் மீட்டருக்குப் பின்னால் வீட்டுக்காரர் தானே மாட்டிய மீட்டர்). சில இடங்களில் அது பத்து ரூபாய், சில இடங்களில் பன்னிரண்டு. வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசியவர்கூட இதற்குத் தலையாட்டிவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருவார். கோடைக்காலத்தில் முதல் முழு பில் கைக்கு வரும்போதுதான் அந்தத் தலையாட்டலின் விலை தெரியும்.

அப்போது அவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் நமக்கெல்லாம் பழக்கமானவை. ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போங்கள், ஏசியை 26-இல் வையுங்கள், பழைய பல்புகளை மாற்றுங்கள். தவறான அறிவுரைகள் இல்லை. ஆனால் குடித்தனக்காரரின் பில்லில் பெரும்பகுதி அவர் விரல் படும் சுவிட்சில் உருவாவதில்லை. மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, சுவருக்குள் வயர் எப்படி ஓடுகிறது, தலைக்கு மேலே எப்படிப்பட்ட தளம் இருக்கிறது என்ற மூன்றும்தான் அதை முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. மூன்றிலும் அவர் கை வைக்க முடியாது. கை வைக்கக்கூடிய வீட்டுக்காரருக்கோ, பில்லை வேறொருவர் கட்டுவதால் அவசரம் இல்லை.

மீட்டரிலிருந்து தொடங்குவோம். பணம் அதிகம் கரைவது அங்கேதான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, அடுக்கடுக்காகக் கணக்கிடப்படுகிறது. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இலவசம். 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறாமலிருந்த வீட்டுக் கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் நுகர்வோர் கட்டும் விகிதம் இது: 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிவிடும். அந்த 2.35 அடுக்கு மறைந்து, 101 முதல் 400 வரை 4.70 ஆகிவிடும், 500 வரை அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு பில் 1,805 ரூபாய். 501 எரித்தவருக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

குறைவாக எரிப்பவருக்குக் குறைந்த விலை, அதிகம் எரிப்பவருக்கு அதிக விலை என்பது இந்த அமைப்பின் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அரசின் கணக்கில் குடும்பம் என்று ஒன்று கிடையாது. மீட்டர் மட்டும்தான் உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு 100 யூனிட் இலவசம். அந்த மீட்டரின் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறதா, நான்கு குடும்பங்கள் இருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை.

மூன்று போர்ஷன்கள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடித்தனமும் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் எரிக்கிறது: இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கிரைண்டர், விளக்குகள். ஏசி கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு இருந்தால் தலைக்கு 470 ரூபாய் பில் வரும். மூன்றும் சேர்த்து 1,410. இதே மூன்று குடித்தனங்களும் ஒரே மீட்டரின் கீழ் வந்தால் மொத்தம் 750 யூனிட். பில் 4,297 ரூபாய் 50 காசு. ஒரு யூனிட்கூடக் கூடுதலாக எரியவில்லை, தொகை மட்டும் மூன்று மடங்காகிவிட்டது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் வசூலித்தால் ஆளுக்கு 2,000, மொத்தம் 6,000. மின்வாரியத்துக்குக் கட்டியது போக அவர் கையில் 1,702 ரூபாய் 50 காசு நிற்கும். குடித்தனக்காரர் 470 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 2,000 ரூபாய் கட்டுகிறார்.

இதைப் படித்ததும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அவர்கள் பக்கத்துக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பதே நியாயம். கீழே வீட்டுக்காரர் ஏசியோடு 700 யூனிட் எரிக்கிறார். மாடியில் ஒற்றை அறையில் ஒருவர் 150 யூனிட் எரிக்கிறார். இருவருக்கும் ஒரே மீட்டர். வீட்டுக்காரர் தனியாக இருந்திருந்தால் அவர் பில் 3,825 ரூபாய். மாடி அறையின் 150 யூனிட்டும் சேர்ந்து 850 ஆனதும் பில் 5,295. அதாவது மாடிக்காரரால் கூடியது 1,470 ரூபாய், யூனிட்டுக்கு 9 ரூபாய் 80 காசு. எட்டு ரூபாய் வாங்கும் வீட்டுக்காரர், "எனக்குக் கையை விட்டுத்தான் போகிறது" என்று புலம்புவது பொய் இல்லை. மாடிக்காரருக்குத் தனி மீட்டர் இருந்தால் அதே 150 யூனிட்டுக்கு 117 ரூபாய் 50 காசு போதும் என்பதும் பொய் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் திருடனைப் போலப் பார்த்துக்கொண்டிருக்க, வித்தியாசம் மின்வாரியத்தின் கல்லாவில் விழுகிறது.

அப்படியென்றால் தனி இணைப்பு வாங்கிவிடலாமே? வாங்கலாம். மின்சாரச் சட்டம் 2003-இன் 43-ஆவது பிரிவு, ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் இணைப்பு தர வேண்டும் என்கிறது. "குடியிருப்பவர்" என்று சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி வாடகைதாரர் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் மறுத்தாலும் வழி அடைபடவில்லை: சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், இழப்பு வந்தால் தானே ஈடுசெய்வதாக எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், வழக்கமான காப்புத்தொகையைப் போல் இரு மடங்கு. உரிமையாளரின் தடையில்லாச் சான்று இல்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியும் இருக்கிறது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் சப் மீட்டர் ஏன் சாகவில்லை? ஒரு காரணம் கட்டடம். ஒரே கதவு எண்ணில் இன்னொரு இணைப்பு வேண்டுமென்றால் பகுதிகள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வீட்டின் கூடத்தில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கிய போர்ஷனும், அனுமதி வாங்காமல் மொட்டை மாடியில் எழுப்பிய ஷீட் கூரை அறையும் அந்தச் சோதனையில் தேறாது. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் கரண்ட் மட்டுமா பேசப்படும்? வரைபடத்தில் இல்லாத அறை கண்ணில் படும், சொத்து வரி ஏறும். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு சப் மீட்டரே போதும் என்று இருந்துவிடுகிறார்.

இன்னொரு காரணம் பயம். 2022 நவம்பரிலிருந்து மின் இணைப்போடு ஆதாரை இணைக்கும் வேலை நடந்தபோது இது நன்றாக வெளியே தெரிந்தது. குடியிருப்பவரின் ஆதாரை இணைத்தால் நாளை வீட்டுக்கே உரிமை கொண்டாடிவிடுவாரோ என்று வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். தன் ஆதாரில் ஐந்து இணைப்புகளைச் சேர்த்தால் நான்கின் இலவச யூனிட் பறிபோய்விடுமோ என்றும் தயங்கினார்கள். மானியம் ரத்தாகாது என்று மின்துறை அமைச்சரே பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட் பில் முகவரிச் சான்றாகப் பயன்படும் ஊரில், குடித்தனக்காரர் பெயரில் எந்தக் காகிதமும் உருவாகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கமாகவே ஊறிவிட்டது.

சப் மீட்டர் என்ற பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவாசலில் இருக்கும் மீட்டருக்கு மின்வாரியத்தின் சீல் உண்டு. பழுது என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். உள்ளே இருக்கும் சப் மீட்டர் எலெக்ட்ரிகல் கடையில் வாங்கி மாட்டியது. அதற்கு யாரும் சீல் வைப்பதில்லை. ரீடிங் எடுப்பவர் வீட்டுக்காரர், கணக்கு எழுதுவது அவருடைய நோட்டில், விலை வைப்பதும் அவரே. விநியோக உரிமம் இல்லாதவர் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது என்று அதே 2003 சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கிய விலையைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்று, லாபம் வைத்து விற்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை எந்த அதிகாரியும் போர்ஷன் வீட்டு வாசலுக்கு வந்து போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

சுவருக்குள் ஓடுவது

தனி மீட்டர் கிடைத்தவர்களும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பழைய வீட்டு வயரிங்குக்கென்று தனிச் சேட்டைகள் உண்டு. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அடுத்தவர் சுமை. மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு, எல்லோருக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குத் தனி இணைப்பு இல்லாவிட்டால் அவை யாரோ ஒருவருடைய மீட்டரில்தான் ஓட வேண்டும். பெரும்பாலும் தரைத்தள வாடகைக்காரர் தலையில் அது விழும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) போய்விட்ட மோட்டார் தண்ணீரை ஏற்றாமல் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும். மேல்தொட்டியின் மிதவை பழுதானால் ஏற்றிய தண்ணீர் வழிந்தோடும். யாரோ ஒருவர் வீட்டு ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். இத்தனையும் பராமரிப்புக் கோளாறுகள். ஆனால் காசு கரண்ட் பில்லில் போவதால் யாரும் பிளம்பரைக் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டாவது, கொஞ்சம் நுட்பமானது. இப்போதைய எலெக்ட்ரானிக் மீட்டர்களில் பெரும்பாலானவை, திருட்டைப் பிடிப்பதற்காக மின்சாரம் வரும் ஃபேஸ், திரும்பும் நியூட்ரல் என்ற இரண்டு வழியிலும் போகும் மின்னோட்டத்தை அளந்து, இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். பழைய வீட்டைப் போர்ஷன்களாகப் பிரிக்கும்போது அவசரக்கார எலெக்ட்ரீஷியன் ஃபேஸ் வயர்களை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை ஒன்றாகவே விட்டுவிட்டால், பக்கத்துப் போர்ஷன்காரர் எரிக்கும் மின்சாரம் உங்கள் மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகும். மீட்டர் அதையும் உங்கள் தலையில் எழுதும். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சண்டை நடக்கும்.

மூன்றாவது, கசிவு. மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவர், உள்ளே தோல் உரிந்த வயர். மின்சாரம் பூமிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சை மாட்டினால் அது அடிக்கடி விழும். விழுவது கோளாறைச் சொல்வதற்காகத்தான் என்றாலும், "சும்மா சும்மா டிரிப் ஆகிறது" என்று அதைக் கழற்றிவிடுவதே பல வீடுகளில் நடக்கிறது. பில் ஏறுவது இதில் சின்ன விஷயம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் இது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்து, மீட்டரின் முகத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். பல மீட்டர்களில் அது ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை மினுக்கும். எத்தனை என்பது மீட்டரிலேயே அச்சாகியிருக்கும். எதுவும் ஓடாதபோது விளக்கு அசையாமல் இருக்க வேண்டும். பதினோரு நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் ஏறக்குறைய நூறு வாட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரவு பகலாக இரண்டு மாதம் அப்படிப் போனால் 144 யூனிட். அடுத்து மெயினையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் இடையில் வேறு ஏதோ இணைந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் கலந்திருக்கிறது. இதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசினால், "நீங்கள் அதிகமாக எரிக்கிறீர்கள்" என்ற வாதம் கொஞ்சம் அடங்கும்.

தலைக்கு மேலே

மேல்தள வீடுகளுக்கு வாடகை சற்றுக் குறைவாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தள்ளுபடியைக் கோடைக்கால பில் திரும்ப வாங்கிக்கொள்ளும். நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, மாலையில்தான் அதைக் கீழே விட ஆரம்பிக்கும். வேலைக்குப் போனவர் ஏழு மணிக்குத் திரும்பும்போது சீலிங் கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைக் கீழே தள்ளும். ஏசி இருந்தால், அறையைத் தவிரத் தளத்தையும் சேர்த்துக் குளிரவைக்கப் பாடுபட்டு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

இதற்கு மருந்து நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது இங்கே காலங்காலமாகச் செய்து வந்த வேலை. ஒழுகலைத் தடுக்கும், சூட்டையும் தணிக்கும். வாடகைக்கென்றே கட்டும் வீடுகளில் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான். ஏற்கெனவே போட்டிருந்த ஓடு பெயர்ந்தாலும், ஒழுகும் இடத்தில் மட்டும் சிமென்ட் பூசிவிட்டு விட்டுவிடுவார்கள். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது இவற்றில் மலிவான வழி. அதற்கும் மொட்டை மாடி யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வாடகை வீட்டின் கூரை எவ்வளவு சூடாகலாம் என்று எந்த விதியும் இன்னும் சொல்லவில்லை.

ஃபேனிலும் இதே கதை. வீட்டுக்காரர் மாட்டித் தரும் சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 81 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடினால் 32 யூனிட் போதும். சப் மீட்டருக்கு வாங்கும் எட்டு ரூபாய் வீதத்தில் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 390 ரூபாய் மிச்சம். விலை கூடிய ஃபேனை வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர், மிச்சம் பிடிப்பவர் குடித்தனக்காரர் என்பதால் அது வாங்கப்படுவதே இல்லை. இந்த ஒன்றில் மட்டும் குடித்தனக்காரருக்கு ஒரு வசதி: தன் காசில் வாங்கி மாட்டிவிட்டு, காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பழைய ஃபேனைப் பரணில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டின் தரத்துக்கு வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டம் உலகில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கு ஆற்றல் தரச் சான்று உண்டு. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை. ‘ஈ’ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை 2018 ஏப்ரலிலிருந்து புதிதாக வாடகைக்கு விட முடியாது, 2020-இலிருந்து பழைய ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும். விலக்குகள் நிறைய, அமலாக்கமும் அங்கே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. என்றாலும் குளிர் புகும் வீடு குடியிருப்பவரின் குற்றமல்ல என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவில் 2018-இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று வரையறுக்கிறது. அது புதுக் கட்டடங்களுக்கு. போர்ஷன் வீடுகள் அதன் கண்ணில் படாது.

நம் வாடகைச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. கட்டடத்தின் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக், குழாய் வாஷர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. ஆனால் இந்தச் சட்டத்தின் பலன் முழுதாகக் கிடைக்க வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். முத்திரைப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிய ஒப்பந்தங்கள்தான் ஊரெங்கும். யூனிட் விலை என்ன, பொது மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்ற இரண்டு வரிகளை அந்தப் பத்திரத்திலாவது எழுதி வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

அரசு நினைத்தால் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். தனி இணைப்பு தரமுடியாத பழைய வீடுகளில், ஒரே இணைப்பின் கீழ் எத்தனை குடும்பங்கள் வசிக்கின்றன என்று பதிந்துகொண்டு, அடுக்குகளை அத்தனையால் பெருக்கிவிடலாம். மூன்று குடும்பம் என்றால் 300 யூனிட் இலவசம், 500-க்குப் பதில் 1,500 வரை சலுகை அடுக்கு. அந்த மூன்று போர்ஷன் வீட்டின் பில் 4,297-இலிருந்து 1,410-க்கு இறங்கும். பொய்க்கணக்குக் காட்டுவார்கள் என்ற ஆட்சேபம் வரும். ரேஷன் அட்டையும் வாடகைப் பதிவும் இருக்கிற மாநிலத்தில் அதைச் சரிபார்ப்பது முடியாத காரியமல்ல. வீட்டுக்காரர் வாடகைப் பதிவுக்கு வரவும் அதுவே ஒரு காரணமாகும்.

அதற்குப் பதிலாக இப்போது பேச்சு முழுக்க ஸ்மார்ட் மீட்டரைப் பற்றி இருக்கிறது. அது வந்தால் மாதாமாதம் கணக்கெடுக்கலாம், ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டாம், எவ்வளவு எரிந்தது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தத் தகவல் போவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய செல்போனுக்கு. போர்ஷன் வீட்டில் மாறப்போவது தெருவாசல் மீட்டர் மட்டும்தான்; உள்ளே மாடிப்படிக்குக் கீழே தொங்கும் சப் மீட்டரின் ரீடிங்கை வீட்டுக்காரர் வழக்கம்போல டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்.